பஸ் காசையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்

சிறுநகரக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர் நான். பி.எஸ்சி. பிள்ளைகளின் களப்பணிக்கும் ஆய்வகப் பயிற்சிக்கும் உதவித்தொகை தேடித் தருவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். விண்ணப்பித்து வாங்குவதைக்கூடச் சமாளித்துவிடலாம். பணம் கைக்கு வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் பெரும்பாடு.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் இடம் கிடைத்தால், இரண்டு மாதம் நல்லதோர் ஆய்வகத்தில் விஞ்ஞானியோடு வேலை பார்க்கலாம். உதவித்தொகையும் உண்டு. ஆனால் ரயில் டிக்கெட், தங்கும் இடத்துக்கு முன்பணம், மெஸ் கட்டணம் எல்லாம் அதற்கு முன்னால் வந்து நிற்கும். அப்பா கொத்தனார் வேலைக்குப் போகும் வீட்டில் அதை வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். இடம் கிடைத்தும் "வேண்டாம் சார்" என்று விலகிய பிள்ளைகளைப் பார்த்து மனம் கேட்கவில்லை. பழைய மாணவர்களிடம் பேசித் துறையில் ஒரு சுழல்நிதி தொடங்கினோம். போகும்போது வாங்கிக்கொள்வார்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டுவார்கள். எல்லாக் கல்லூரிகளும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

விண்ணப்பத்தில் "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று எழுதாதீர்கள். உங்கள் கேள்வியை எழுதுங்கள். ஊர்க் கண்மாய்க்கரையில் சீமைக்கருவேல மரத்தடியில் மட்டும் புல் ஏன் முளைப்பதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். அதையே எழுதச் சொன்னேன். நிழலா, ஈரக்குறைவா, இலையிலிருந்து மண்ணில் இறங்கும் வேதிப்பொருளா என்று ஒவ்வொன்றாகப் பிரித்து யோசித்தாள். இலைச்சாற்றில் ஒரு பங்கு கேழ்வரகு விதையும் வெறும் தண்ணீரில் இன்னொரு பங்கும் முளைக்கவைத்துப் பார்த்தாள். பெட்ரி தட்டும் வடிதாளும்தான் செலவு. பிறகு அவள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே தனியாக உள்ளது. 60,000-ஐ மட்டும் அறிந்தவர்களே நான் பார்த்தவரை அதிகம். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் குறுகியகால ஆய்வு உதவி தருகிறது.

பட்ஜெட் போடும்போது ரசாயனம், கண்ணாடிக் கருவி என்று நிறுத்திவிடுகிறார்கள். மாதிரி எடுக்கப் போகும் பஸ் காசு, மண் தோண்டிக் கொடுப்பவர் கூலி, சாப்பாடு, ஜெராக்ஸ், பைண்டிங் எல்லாம் அதில் ஏறட்டும். இவை விடுபட்டால் மாணவரின் சட்டைப்பையிலிருந்துதான் போகும். பில் கிடைக்காத செலவுக்கு அன்றைக்கே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு முடிக்கும்போது பயனீட்டுச் சான்றிதழுக்கு அதுதான் ஆதாரம்.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்கட்டும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு வரவு செலவில்லாமல் முடங்கிக் கிடப்பது சகஜம். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் விசாரித்துவிடுங்கள்.