மார்பகப் பரிசோதனைக்கு வரும் பெண்: ஓர் இளம் செவிலியருக்குக் கடிதம்

வீரபாண்டி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகப் பணியேற்கும் செவிலியருக்கு,

மார்பகப் புற்றுநோய்க்கான வழக்கமான பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்குச் செய்யப்படுவது. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மேமோகிராம் அதற்கு அடுத்த படி. பனியன் கம்பெனியிலிருந்து வரும் பெண் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “வலியே இல்லீங்க சிஸ்டர், அப்புறம் என்னத்துக்குப் பாக்கோணும்?” ஆரம்ப நிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை, வலிக்கும்வரை காத்திருந்தால் நோய் முற்றிவிடும். இதைச் சொல்லிவிட்டுத்தான் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

கையால் பார்த்து என்ன கண்டுவிட முடியும் என்ற சந்தேகம் படித்தவர்களிடமும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையாலேயே பரிசோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்த அளவுக் குறைவு தெரியவில்லை. செவிலியரின் விரல்களுக்கு மதிப்பு உண்டு, எல்லையும் உண்டு.

மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாட்கள் பரிசோதனைக்கு ஏற்றவை. அப்போது மார்பில் வீக்கமும் வலியும் குறைவு. கதவை அடைத்து, திரையை இழுத்துவிட்ட பிறகே மேலாடையைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே சொல்வது முக்கியம். “அக்கா, இப்போ கையைத் தூக்கச் சொல்வேன், அப்புறம் அக்குள்ல தொட்டுப் பார்ப்பேன்” என்ற ஒரு வாக்கியத்திலேயே பாதிக் கூச்சம் கலைந்துவிடும். உட்காரவைத்து, கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லியும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லியும் பார்க்கும்போது தோல் உள்ளிழுப்பு, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, புதிதாக உள்வாங்கிய காம்பு ஆகியவை தென்படும். பிறகு படுக்கவைத்து, நடு மூன்று விரல்களின் சதைப் பகுதியால், மேலிருந்து கீழாக வரிவரியாக, மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஆழமாகவும் அழுத்திப் பார்க்க வேண்டும். அக்குளையும் காறை எலும்பின் மேற்பகுதியையும் விட்டுவிடக் கூடாது. வரிசையில் பத்துப் பேர் காத்திருந்தாலும் இந்தச் சில நிமிடங்களைச் சுருக்குவது நியாயமில்லை.

வடமாநிலப் பெண் வந்தால் மொழிபெயர்க்கக் கம்பெனியின் லைன் சூப்பர்வைசரை அழைப்பது பெருந்தவறு. அவள் நம்பும் இன்னொரு பெண்தான் உடனிருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மேமோகிராம். இளம் வயதினருக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மேமோகிராம் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் போடக் கூடாது. படத்தில் சுண்ணாம்புத் துகள்கள்போல் தெரிந்து குழப்பும். சேலை அல்லது சுடிதார் டாப் வசதி. தாலிக்கொடியை முதுகுப்பக்கம் தள்ளிவிடலாம். கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்தி, வழக்கமாக இரண்டு கோணங்களில் படம் எடுப்பார்கள். அழுத்தம் வலிக்கலாம், ஆனால் சில நொடிகளில் விலகிவிடும். கதிர்வீச்சின் அளவு குறைவு. மறுபடி வரச் சொன்னாலே புற்றுநோய் என்று பெண்கள் உடைந்துபோகிறார்கள். மறுபடி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இதை அழைப்பு வருவதற்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது.

கட்டி உறுதியாகத் தென்பட்டால் ஊசி மூலம் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். பரிசோதனை தடைப்படுவது இங்கேதான். பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு அரைநாள் பர்மிஷன் என்பது அரைநாள் கூலி. சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுகிறாள். அடுத்த வாரம் ஷிப்மெண்ட் அவசரம் வந்துவிடுகிறது. முதல் அறிகுறியுடன் வந்ததிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. ஆகவே பரிந்துரைச் சீட்டோடு கடமை முடிவதில்லை. பெயர், தொலைபேசி எண், போக வேண்டிய நாள் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அந்த நாள் கடந்ததும் போன் செய்து கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிகிச்சையும் உண்டு. தகுதியான பணிக்காலம் நிறைந்திருந்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்காலப் பலனாகக் கூலியில் 80 சதவீதமும் கிடைக்கும். அட்டை இல்லாதவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒன்றும் இல்லை என்று தெரிந்த பெண்ணையும் வெறும் “சரி, போங்க” என்று அனுப்பக் கூடாது. புதிய கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோலில் மாற்றம், அக்குளில் வீக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் ஐந்தாண்டு வரை காத்திராமல் அந்த வாரமே வர வேண்டும் என்று சொல்லி, வரவேண்டிய கிழமையையும் நேரத்தையும் அவள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.