கொரிந்து நகரத்துக் கிறிஸ்பு

மட்டாஞ்சேரிக்குச் சென்ற நம் மாணவர் பலரும் 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைக் கண்டிருப்பர். தரையில் பதித்த சீன ஓடுகளும், 1760-இல் எசக்கியேல் ரஹபி எழுப்பிய மணிக்கூண்டும் கண்ணைக் கவர்வன. ஆனால், அங்கே வழிபாட்டை நடத்தியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கொச்சி யூதர் ரபிமார் இல்லாமலே வாழ்ந்தவர்கள். சமூகப் பெரியவர்களே வழிபாட்டை நடத்தினர். அரசர் ஏற்றுக்கொண்ட யூதத் தலைவருக்கு ‘முதலியார்’ என்று பட்டம். நமக்கு நன்கு பழகிய சொல்! இதை மனத்திற் கொண்டால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த கிறிஸ்பு என்பாரின் வரலாறு எளிதில் விளங்கும்.

தலைவர் என்பவர் யார்?

கிறிஸ்பு கொரிந்து நகரத்து ஜெப ஆலயத் தலைவர். இப்பதவியின் தன்மையை எருசலேமில் 1913-இல் கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டு காட்டுகிறது. தியோதோத்து என்பவர், அவர் தந்தை, பாட்டனார் ஆகிய மூவரும் ஜெப ஆலயத் தலைவர்கள் என்று அது கூறுகிறது. திருச்சட்டம் படிக்கக் கூடமும், வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்க அறைகளும், தண்ணீர் வசதியும் அவர் அமைத்தாராம். ஆகவே, தலைவர் என்பவர் பொருள் கொடுத்து, பொறுப்பேற்று, சமூகத்தைத் தாங்கியவர் எனலாம்.

நடந்தது என்ன?

பவுல் கொரிந்துக்கு வந்து ஜெப ஆலயத்தில் பேசினார். எதிர்ப்பு எழவே, அதை அடுத்திருந்த யுஸ்து என்பவரின் வீட்டுக்குச் சென்று போதித்தார். கிறிஸ்பு தம் வீட்டார் அனைவருடனும் அப்பக்கம் சேர்ந்தார். ஒரு சுவர்தான் இடையே. ஆயினும் தலைவர் ஒருவர் அதைக் கடந்தது சிறு செய்தியன்று.

சான்றுகள் இரண்டு. ஒன்று, அப்போஸ்தலர் நடபடிகள். மற்றொன்று, அதற்கு முன்னரே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். தாம் ஞானஸ்நானம் கொடுத்த சிலருள் கிறிஸ்புவின் பெயரை அதில் அவரே குறிப்பிடுகிறார். காலமும் ஓரளவு உறுதி. பவுலை விசாரித்த கல்லியோன் என்னும் ஆளுநரின் பெயர், டெல்பியில் கிடைத்த கிளாடியஸ் பேரரசரின் கல்வெட்டில் உள்ளது. அது கி.பி. 52-ஐ ஒட்டியது. எனவே கிறிஸ்புவின் மாற்றத்தைக் கி.பி. 50 அல்லது 51 எனக் கொள்ளலாம்.

‘மதம் மாறினார்’ என்பது சரியா?

இங்கேதான் நாம் கவனமாக இருத்தல் வேண்டும். அக்காலத்தில் இயேசுவைப் பின்பற்றியோர் யூதருள் ஒரு பிரிவினராகவே பெரும்பாலும் கருதப்பட்டனர். கல்லியோனும், இது உங்கள் சட்டத்தைப் பற்றிய சச்சரவு என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டார். கிறிஸ்பு மேசியா வந்துவிட்டார் என நம்பிய யூதர். தம் முன்னோரின் இறைவனை விட்டு விலகியதாக அவர் எண்ணியிருக்க மாட்டார்.

நின்றவர்களையும் மறக்கலாகாது. அவ்வழக்கு நாளில், மற்றொரு ஜெப ஆலயத் தலைவரான சொஸ்தேனே நீதிமன்றத்தின் முன்னே அடிக்கப்பட்டார். அடித்தவர் யார் என்பதில் பழைய பிரதிகள் வேறுபடுகின்றன. கல்லியோன் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒருவர் நம்பிக்கை மாறினார் என்று எங்கேனும் படித்தால், நண்பர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள்: சொல்பவர் யார்? எப்போது எழுதினார்? மாறியவர் தம்மை என்னவென்று அழைத்துக்கொண்டார்? ஆய்வுக்கூடத்தில் நாம் கைக்கொள்ளும் பொறுமை வரலாற்றுக்கும் வேண்டும்.