எண்ணெய் இருந்தும் ஏழ்மை ஏன்?

மண்ணுக்கடியில் இவ்வளவு எண்ணெய் இருந்தும் நைஜீரியாவில் ஏன் வறுமை? இதைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

ஜான் காஸ்வினியன் எழுதிய 'அன்டாப்ட்' (2007) நூலில் தொடங்குங்கள். பத்திரிகையாளர், வரலாற்றாசிரியர் இரண்டுமாக இருப்பவர். ஆப்பிரிக்காவின் எண்ணெய் நாடுகளுக்கு நேரில் போய் எழுதியவர். பொருளாதாரப் பாடநூலோ என்று பயப்பட வேண்டாம், பயணக்கட்டுரையாக விறுவிறுவென்று ஓடும்.

விஷயம் சுருக்கமாக இதுதான். 1956-ல் நைஜர் டெல்டாவின் ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது. பின்னாளில் டாலர் கொட்டியதும் நாணய மதிப்பு ஏறியது, இறக்குமதி மலிந்தது. நிலக்கடலை, கோகோ, பாமாயில் ஏற்றுமதி படுத்தேவிட்டது. அரசாங்கம் மக்களின் வரிப்பணத்தை நம்பியிருக்கவில்லை. வரியை நம்பாதவர் கணக்குச் சொல்வாரா? டெல்டா மக்களுக்கு மிஞ்சியது எண்ணெய் படிந்த ஓடைகளும், இரவும் பகலும் எரியும் எரிவாயுச் சுடரும்தான். கச்சா எண்ணெயைக் கப்பலேற்றிவிட்டு, பெட்ரோலைப் பல ஆண்டுகள் வெளிநாட்டிலிருந்து வாங்கிய நாடு அது!

நைஜீரியாவோடு நிறுத்தாமல் காபோன், அங்கோலா பகுதிகளையும் படியுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பணம் யார் கையில்? பாதி எண்ணெய் அரசியல் அதிலேயே விளங்கிவிடும்.