கையால் வண்ணம் தீட்டிய கார்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை இருக்கிறது. மாலையில் நடக்கப் போகும்போது அங்கே சிறிது நேரம் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்பிலேயே காலம் தள்ளியவனைப் பெயிண்ட் வாசனை அவ்வளவு லேசில் விடாது. சென்ற விடுமுறையில் பேரனும் கூட வந்தான். பட்டறையில் ஒரு பழைய ஜீப்பின் பானட் முழுக்க யாரோ பிரஷ்ஷால் பூவும் கொடியும் வரைந்திருந்தார்கள். "தாத்தா, இப்படிக் கிறுக்கி வைத்தால் வண்டியின் விலை குறைந்துவிடாதா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை, வீட்டில் பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஜானிஸ் ஜாப்ளின் என்று ஒரு பாடகி. 1943இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். தொண்டை கிழியப் பாடுவார். எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை. 1968இல் அவர் 3,500 டாலர் கொடுத்து ஒரு பழைய போர்ஷே 356 வாங்கினார். 1964ஆம் ஆண்டு வண்டி. துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த கார். எஞ்சின் பின்பக்கம் இருக்கும், நான்கு சிலிண்டர், ரேடியேட்டர் கிடையாது, காற்றாலேயே குளிரும்.

வாங்கிய கையோடு, தம் குழுவில் சாமான் தூக்கி உதவி செய்து வந்த டேவ் ரிச்சர்ட்ஸ் என்பவரிடம் 500 டாலர் கொடுத்து, "உன் இஷ்டப்படி வரை" என்கிற மாதிரி விட்டுவிட்டார். ரிச்சர்ட்ஸ் ஓர் அங்குலம் விடாமல் வரைந்தார். பட்டாம்பூச்சி, காளான், மண்டையோடு, கலிபோர்னியா மலைக்காட்சி, ஜாப்ளினும் அவர் குழுவினரும், எல்லாம் அந்தக் காரில் உண்டு. 'பிரபஞ்ச வரலாறு' என்று அதற்குப் பெயர். வரைந்து முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். படத்தின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றைக் கொடுத்தார். பேரனிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

ஏனென்றால் ஒரு முறை அந்தக் கார் திருடு போயிற்று. திருடியவன் அடையாளம் தெரியாமலிருக்க மேலே சாம்பல் நிற பெயிண்டை அடித்துவிட்டான். ஊரே பார்த்த காரை எவ்வளவு நாள் மறைக்க முடியும்? வண்டி திரும்பக் கிடைத்தபோது, அடியில் தெளிபூச்சு இருந்ததால் படத்துக்குச் சேதம் வராமல் அந்தச் சாம்பலை எடுத்துவிட முடிந்தது.

1970 அக்டோபரில், 27ஆவது வயதில் ஜாப்ளின் இறந்துபோனார். கார் கை மாறி, பிறகு தம்பி, தங்கையிடம் வந்து சேர்ந்தது. ஓட்டி ஓட்டி, வெயில் பட்டு, படம் உரிந்துகொண்டே போயிற்று. ஒரு கட்டத்தில் அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தொழிற்சாலைச் சாம்பல் நிறத்தையே அடித்துவிட்டார்கள். அப்புறம் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஜானா மிட்செல், ஆம்பர் ஓவன் என்ற இரு ஓவியர்களைக் கொண்டு, பழைய புகைப்படங்களைப் பார்த்து மறுபடி அப்படியே வரையச் செய்தார்கள். 1995 முதல் கிளீவ்லாந்து நகரின் ராக் இசை அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் கார், 2015 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. வாங்கிய விலையைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. பேரன் கேட்ட விலைக் கேள்விக்கு இது போதும். ஆனால் ஏலத்தில் போனது ரிச்சர்ட்ஸ் கையால் வரைந்த படம் அல்ல என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நம் நாட்டிலும் காரை அழகுப் பொருளாகச் செய்தவர்கள் உண்டு. கல்கத்தாவில் 1910 வாக்கில் ஓர் ஆங்கிலேயர் இங்கிலாந்தில் செய்து தருவித்த திறந்த காருக்கு அன்னப்பறவை உருவம். அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சும்! ஜனங்கள் மிரண்டு கூட்டம் கூடியதால் போலீசார் அதைத் தெருவில் ஓட்டக்கூடாது என்று தடுத்தார்கள். பின்னர் நாபா சமஸ்தானத்துக்குப் போய், இப்போது நெதர்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது செதுக்கு வேலை, நம் பாடம் பெயிண்ட்.

பெயிண்டில் இரண்டு ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எனாமல், வார்னிஷ் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். நன்றாக இறுகிவிட்டால் லேசில் கரையாது. பட்டறையில் கன்னால் அடிக்கும் பழைய டூக்கோ லேக்கர் அப்படி இல்லை. அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால் உலர்வது. எத்தனை வருஷமானாலும் தின்னரைக் கண்டால் மறுபடி இளகும். ஆகவே முற்றிய வார்னிஷ் மேல் லேக்கர் அடித்திருந்தால், மேலதைத் துடைத்து எடுத்துக் கீழதைக் காப்பாற்ற வழி உண்டு.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்கு எங்கள் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. என் தகப்பனார் பொன்மலைப் பணிமனையில் பெயிண்டர். நான் வேலை கிடைத்து பெங்களூர் புறப்பட்டபோது அந்தப் பெட்டியின் மூடியில் என் பெயரையும் ஊரையும் எழுதி, ஓரத்தில் ஒரு மயிலும் வரைந்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். பிற்பாடு மகளை ஹாஸ்டலில் சேர்த்தபோது, பழசாகத் தெரிகிறதே என்று அதற்குச் சாம்பல் டூக்கோ அடித்துவிட்டேன். அப்பா அப்போது இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பேரனும் நானும் பெட்டியை இறக்கினோம். வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டு ஒரு மூலையில் துடைத்தேன். சாம்பல் கையோடு வந்தது. அடியில் வெறும் தகரம். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பூச்சு நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று பட்டறையில் நானே பக்கத்தில் நின்று உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. கடைசியில், உப்புத்தாள் நுழைய முடியாத இடத்தில், கொண்டிக்கு அடியில், நீலமும் பச்சையுமாக மயில் கழுத்து ஒரு விரல் அகலத்துக்கு வெளியே வந்தது. "இது யார் வரைந்தது?" என்றான் பேரன். "கொள்ளுத் தாத்தா" என்றேன்.

பெட்டியோடு எடுத்த பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து முழு மயிலையும் வரைந்துவிடலாம் என்கிறான் அவன். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி, பீரோ இருந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்போ ஊதுவத்தியோ பக்கத்தில் கூடாது. துணியை ஊறவிடாமல் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். துணியில் சாம்பலைத் தவிர வேறு நிறம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.