ஒரே மேசையில் சேபரும் மிக்-15-உம்: இரண்டு ஜெட் மாடல்களைச் சேர்த்துக் கட்டும் முறை

பிளாஸ்டிக் விமான மாடல் ஒன்றைக் கட்டி முடிக்க ஆகும் நாட்களில் கை வேலை செய்யும் நேரம் குறைவு. காயக் காத்திருக்கும் நேரமே அதிகம். பசை இறுக வேண்டும், புட்டி காய வேண்டும், ஒவ்வொரு பூச்சும் உலர வேண்டும். முடிந்த மாடலில் கண்ணை உறுத்தும் குறைகள் பலவும் இந்தக் காத்திருப்பைச் சுருக்கியதால் வந்தவை. பசை முழுதாக இறுகும் முன் உப்புத்தாள் போட்டால் இணைப்பு சில நாளில் உள்வாங்கி, வண்ணத்துக்கு அடியில் கோடாகத் தெரியும். உலராத பூச்சைத் தொட்டால் விரல்ரேகை பதியும். ஒரே மாடல் மட்டும் மேசையில் இருந்தால் கை சும்மா இருக்காது. உலை கொதிக்கும் நேரத்தில் காய் நறுக்குவதுபோல, அந்த இடைவெளியில் செய்ய இன்னொரு வேலை இருக்க வேண்டும். இரண்டு விமானங்களைச் சேர்த்துக் கட்டச் சொல்வது அதனால்தான். சீக்கிரம் முடிப்பதற்காக அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டும் எப்போதும் ஒரே கட்டத்தில் இருக்கக் கூடாது. ஒன்று முன்னால் போக, மற்றது ஒரு படி பின்னால் வர வேண்டும்.

எந்த இரண்டு என்பதில் கவனம் தேவை. ஒரே விமானத்தை இரண்டு முறை கட்டினால் சலிப்புத் தட்டும் என்பது நியாயமான ஆட்சேபம். முற்றிலும் வேறான இரண்டை எடுத்தால் வண்ணமும் முறையும் வேறாகி, ஒன்றில் கற்றது மற்றதற்கு உதவாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அருமையான ஜோடி, கொரியப் போரில் எதிரெதிரே பறந்த அமெரிக்க எஃப்-86 சேபரும் சோவியத் மிக்-15-உம். இரண்டின் முன்மாதிரிகளும் 1947-இல் மூன்று மாத இடைவெளியில் முதன்முறை பறந்தன. இரண்டுக்கும் இறக்கை 35 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது, காற்று நுழையும் வாய் மூக்கிலேயே, உடல் வெள்ளி நிறம். எனவே கருவிகளும் வண்ணங்களும் பொது. உருவமும் நுணுக்கமும் வேறு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/72 அளவில் இரண்டையும் வெளியிட்டிருக்கிறது. அந்த அளவில் மிக் சுமார் 14 செ.மீ., சேபர் சுமார் 16 செ.மீ. நீளம் வரும். சிறிய மேசையே போதும்.

முதல் வேலை, பாகங்கள் கோத்திருக்கும் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி உலர்த்துவது. அச்சிலிருந்து பாகம் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப்பசை ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. அடுத்து, இரண்டு தட்டுகளில் இரண்டு விமானங்களையும் பிரித்து வையுங்கள். பாகங்கள் கலந்துபோகும் என்று அஞ்சுபவர்களுக்கு எளிய பதில் உண்டு: தேவைப்படும் பாகத்தைத் தேவைப்படும் அன்றுதான் வெட்ட வேண்டும். வெட்டாத பாகம் தொலையாது. சக்கரக் கதவுகளும் சக்கரங்களும்தான் குழப்பம் தருபவை. அவற்றை வெட்டியதும் உட்புறத்தில் பென்சிலால் எண் எழுதி அந்தந்தத் தட்டில் போடுங்கள்.

விமானி அறையில் மிக் முன்னால் போகட்டும். இருக்கையையும் கருவிப் பலகையையும் வண்ணம் பூசிக் காய வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் சேபரின் அறையைத் தொடங்குங்கள். உடலின் இரு பாதிகளை மூடும் முன் மூக்கில் எடை வைக்க மறக்கக் கூடாது. எடை போதாவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். மிக்கில் காற்று வாய் நடுவில் ஒரு தடுப்பால் பிரிந்து, விமானி அறையின் இரு பக்கமும் செல்கிறது. சேபரில் காற்றுப் பாதை அறைக்கு அடியில் போகிறது. ஆகவே எடை ஒளியும் இடமும் வேறு: மிக்கில் இரு பாதைகளுக்கு நடுவே, சேபரில் பாதைக்கு மேலே. தூண்டிலுக்குக் கட்டும் சிறு ஈயக்குண்டுகளை நறுக்கி ஒட்டினால் போதும். பிறகு இறக்கைகளை டேப்பால் தற்காலிகமாகப் பிடித்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் இரு விரல்களில் தாங்கிப் பாருங்கள். மூக்கு கீழே சாய வேண்டும்.

இறக்கை ஒட்டும் கட்டத்தில்தான் இரண்டும் அருகருகே இருப்பதன் பெரிய பயன் தெரியும். சேபரின் இறக்கை வேரிலிருந்து நுனிக்குச் சற்று உயர்கிறது; மிக்கின் இறக்கை சற்றுத் தாழ்கிறது. சேபரின் வால் இறக்கைகள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி விரிகின்றன. மிக்கின் வால் இறக்கைகள் செங்குத்து வாலின் மேற்பகுதியில் அமர்ந்திருக்கின்றன. ஒரு மாடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரிரு பாகைப் பிழையைக் கண் ஏற்றுக்கொண்டுவிடும். எதிர்த்திசையில் சாயும் இன்னொன்று பக்கத்தில் நின்றால் பிழை சட்டென்று தெரியும். திரவ சிமெண்ட் இணைப்பைத் தூரிகையால் தொட்டால் பிளவுக்குள் தானே ஓடும். சில நிமிடம் பிடித்து, முன்னாலிருந்து பார்த்து, சாய்வைச் சரிசெய்து, ஒரு நாள் தொடாமல் வையுங்கள். அந்த ஒரு நாள் மற்ற விமானத்துக்குரியது.

வெள்ளி வண்ணம் எதையும் மன்னிக்காது. பச்சை, சாம்பல் நிறங்கள் மறைக்கும் கீறலை உலோக நிறம் விளக்குப் போட்டுக் காட்டும். இணைப்புகளில் புட்டி வைத்து, 400, 800, 1500, 2000 என்று உப்புத்தாளை மென்மையாக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றிலும் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சு. பூச்சுகளில் இதை மட்டும் இரண்டுக்கும் ஒரே நாளில் அடிக்கலாம். ஏர்பிரஷைக் கழுவும் வேலை ஒரு தடவையோடு முடியும். ஆனால் சேபருக்குரிய மஞ்சள் அடையாளப் பட்டைகளை வண்ணமாகவே பூசுவதென்றால், அவற்றை அதற்கு முன்பே முடித்து டேப்பால் மூடிவிட வேண்டும். முதலில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள். உலோக வண்ணத்தின் மேல் டேப் ஒட்டி எடுத்தால் வண்ணம் உரிந்து வரும் வாய்ப்பு அதிகம். மஞ்சள் காயும் நாட்களில் மிக்கின் தேய்ப்பு வேலை நடக்கட்டும்.

உலோக வண்ணத்தை முதலில் மிக்கில் பூசுங்கள். இதற்கு வரலாறே காரணம். மிக்கின் அலுமினியத்தின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்டிருந்தது. அதனால் உடல் முழுதும் சற்று மங்கலான ஒரே வெள்ளி. சேபரில் தகட்டுக்குத் தகடு பளபளப்பு மாறும். ஒரே நிறம் கேட்கும் மிக்கில் காற்றழுத்தமும் கைவேகமும் பழகும். அந்தப் பழக்கத்தோடு சேபருக்கு வந்து, அடி நிறம் முழுதாகக் காய்ந்த பின், ஒட்டும் தன்மை குறைந்த டேப்பால் சில தகடுகளை மட்டும் மூடி, அரை நிழல் கூட்டியும் குறைத்தும் அடியுங்கள். அல்கிளாட் போன்ற வண்ணங்களுக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தமும் மெல்லிய பல பூச்சுகளும் வேண்டும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் தமியாவின் ஏஎஸ்-12 ஸ்பிரே கேனை நம்பிப் பயன்படுத்தலாம். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்கால ஈரத்தில் லாக்கர் வண்ணம் வெண்புகைபோல் பூத்துவிடும். காற்று உலர்ந்த நாளுக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. ஜன்னலைத் திறந்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்துதான் அடிக்க வேண்டும். துணி முகமூடி உதவாது.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது: இரண்டைச் சேர்த்துக் கட்டினால் ஒரு தவறு இரண்டிலும் நேரும் அல்லவா? இரண்டும் ஒரே படியில் நடந்தால் நிச்சயம் நேரும். வண்ணம் அதிகம் நீர்த்திருந்தால் இரண்டு உடல்களிலும் வழியும். ஒரு படி இடைவெளி இருந்தால் முன்னால் போகும் மாடலே சோதனைத் துண்டு. அதில் வழிந்தால், கலவையைத் திருத்திக்கொண்டு பின்னதைத் தொடலாம். கட்டி முடிக்காத இரண்டு பெட்டிகள் பரணுக்குப் போகும் என்ற பயமும் உண்டு. அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாடு போதும்: இரண்டும் வெள்ளி நிறம் பெறும்வரை மூன்றாவது பெட்டியைத் திறக்கக் கூடாது.

டெக்கால்களை (அடையாளங்கள் அச்சிட்ட நீர் ஒட்டிகளை) சில நொடி நீரில் நனைத்து, தாளிலிருந்து தானே நழுவும்வரை காத்திருந்து, இடத்தில் வைத்து, மென்மையாக்கும் திரவம் தொட்டு விடுங்கள். தகட்டுக் கோட்டுக்குள் அது படியும் நேரத்தில் சுருங்குவதுபோலத் தோன்றும். தொடாதீர்கள், தானே சமமாகும். மிக்கின் பக்கத்தை ஈரம் காய விட்டு, சேபரின் பக்கத்தை ஒட்டுங்கள். கோடுகளில் அடர் பழுப்பு நிற வாஷ் ஓட விட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். வெள்ளியில் சுத்தக் கறுப்பு கடுமையாகத் தெரியும். விமானியின் கண்ணாடி மூடியை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும். சூப்பர் பசையின் ஆவி கண்ணாடியை வெண்மையாக்கிவிடும். சக்கரங்கள், அவற்றின் கதவுகள், ஆன்டெனா என்ற வரிசையில் முடித்து, இறக்கையில் நீட்டி நிற்கும் பிட்டோ குழாயை இரண்டு விமானங்களுக்கும் ஒரே நாளில், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் அது நிச்சயம் முறியும்.