நெய்வேலி பக்கத்திலிருந்தும் இருள்: புயல்கால மின்சாரம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், நல்லூர் ஊராட்சி ஒன்றியத்திலும் விருத்தாசலம் வட்டாரத்திலும், புயல்கால மின்தடை பற்றி நிலவும் நம்பிக்கைகளில் முதலிடம் பெறுவது ஊரின் இருப்பிடத்தைச் சார்ந்தது. நெய்வேலி பக்கத்தில் இருக்கும்போது மின்சாரத்துக்கு என்ன குறை வந்துவிடும் என்பதே அது. 1956இல் தொடங்கப்பட்டு 1962 முதல் மின்சாரம் தரும் பழுப்பு நிலக்கரி நிறுவனம் விருத்தாசலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கு பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளின் வழியே தென்மாநிலங்களுக்குப் பொதுவான மின்தொகுப்பில் கலந்து, துணைமின் நிலையங்களில் படிப்படியாக அழுத்தம் குறைந்து, கடைசியில் முந்திரித் தோப்புகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே நிற்கும் சாதாரணக் கம்பங்களின் மீதேறித்தான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைகிறது. 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், மின்நிலையத்தை முடக்கித்தான் மாவட்டத்தை இருளாக்கியது என்றில்லை. இந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களைச் சாய்த்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. மின்சாரத்தை விளைவிக்கும் மாவட்டத்திலேயே பல கிராமங்கள் நாள்கணக்கிலும் சில கிராமங்கள் வாரக்கணக்கிலும் விளக்கில்லாமல் கிடந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கம்பி அறுந்தால்தான் மின்சாரம் நிற்கும் என்பதும் முழு உண்மையன்று. வெள்ளநீர் தேங்கிய தெருவில் மின்கசிவு உயிரைக் குடிக்கும் என்பதால், புயலுக்கு முன்பே மின்வாரியம் தானாக இணைப்பைத் துண்டிப்பது வழக்கம். கம்பம் ஒன்றுகூடச் சாயாத ஊரிலும் மருத்துவமனை இருளில் இருக்கலாம். அது குறையன்று, சரியான முடிவு.

இந்த இடத்தில்தான் நுண்மின்தொகுப்பு, அதாவது மைக்ரோகிரிட், என்ற ஏற்பாடு பொருள் பெறுகிறது. ஒரு மருத்துவமனை, அதை ஒட்டிய குடிநீர்த் தொட்டி, புயல் பாதுகாப்பு மையமாகும் பள்ளிக்கட்டடம் போன்ற சிலவற்றை ஒரே சிறு வலையாக இணைத்து, அதற்கென ஓர் உற்பத்தியும் ஒரு சேமிப்பும் வைத்து, வெளியே மின்தொகுப்பு நின்றதும் ஒரே சுவிட்சில் தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்தீவாக இயங்க வைப்பதே அது. இந்த விளக்கத்தின் உயிர் ‘உற்பத்தி’ என்ற சொல்லில் இல்லை, ‘துண்டித்துக்கொண்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. பொதுமக்களின் பேச்சிலும் ஒப்பந்தப்புள்ளிகளிலும் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் அதுவே.

அந்த விடுபடலின் விளைவு, மிகப் பரவலான மூன்றாவது நம்பிக்கையில் தெரிகிறது. கூரையில் சூரியத் தகடு இருக்கும் கட்டடத்தில் கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று ஏறக்குறைய எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பேட்டரி இல்லாமல் மின்தொகுப்போடு நேரடியாகப் பிணைக்கப்பட்ட கூரைச் சோலார் அமைப்பு, வெளியே மின்சாரம் நின்ற நொடிகளுக்குள் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று பாதுகாப்பு: கம்பத்தின் மீதேறி அறுந்த கம்பியை இணைக்கும் ஊழியர் அதில் மின்சாரம் இல்லை என நம்பித்தான் கைவைக்கிறார், பக்கத்துக் கூரை ஒன்று பின்பக்கமாக மின்சாரத்தை அனுப்பினால் அவர் உயிர் போகும். மற்றொன்று, இவ்வகை இன்வெர்ட்டர் தானாக மின்னழுத்தத்தையும் நொடிக்கு 50 சுழற்சி என்ற அதிர்வெண்ணையும் உருவாக்குவதில்லை, மின்தொகுப்பில் ஏற்கெனவே இருப்பதோடு ஒத்திசைகிறது. சுருதிப்பெட்டியைக் கேட்டுப் பாடப் பழகியவர் பெட்டி நின்றதும் பாட்டை நிறுத்துவதைப் போன்றது இது. நுண்மின்தொகுப்புக்கு வேண்டியது பெட்டியில்லாமலும் சுருதி பிடிக்கத் தெரிந்த இன்வெர்ட்டர். அது பேட்டரியின் துணையோடு தானே 230 வோல்ட்டையும் 50 சுழற்சியையும் நிறுவும், கூரைத் தகடுகள் அதைப் பின்பற்றும். கடைக்காரரிடம் ‘ஹைபிரிட்’ என்று கேட்டால் கிடைக்கும் பொருள்களில் பலவும் இவ்வேலையைச் செய்யும், சில செய்யா. ‘மெயினை இறக்கினால் ஓடுமா’ என்று கேட்பதே தெளிவான கேள்வி.

ஜெனரேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற வாதம் மேலோட்டமாக வலுவானது. அதை எளிதில் ஒதுக்கிவிடவும் கூடாது. கஜாவுக்குப் பிறகு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை நிரப்பியவை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்ட ஜெனரேட்டர்களே. ஆயினும் அவற்றின் பலவீனம் பெரும்பாலும் எந்திரத்தில் இருப்பதில்லை, அதைச் சுற்றியிருப்பவற்றில் இருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் வெள்ளம் எட்டாத 13ஆம் மாடியில் பாதுகாப்பாக இருந்தன. அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகளோ தரைக்குக் கீழே மூழ்கிப்போயின. ஊழியர்கள் மாடிப்படிகளில் வரிசையாக நின்று கைமாற்றி டீசலைச் சுமந்து சமாளித்தும், கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. சாலை துண்டிக்கப்பட்ட கிராமத்தில் டீசலும் வராது. மாதக்கணக்கில் ஓடாத ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கியிருப்பதும் அடிக்கடி காணும் காட்சிதான். தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த பளுவில் இரவெல்லாம் ஓடும் டீசல் எந்திரத்தில் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து அதன் ஆயுள் குறையும் என்பது பலர் அறியாத செய்தி. ஆகவே நுண்மின்தொகுப்பு ஜெனரேட்டரை விலக்குவதில்லை. அதை நாளுக்கு இரண்டு மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டிப் பேட்டரியை நிரப்பச் செய்து, மீதி நேரம் ஓய்வு தருகிறது.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதில்தான் கற்பனை பெரிதாகவும் கணக்கு சிறிதாகவும் இருக்கிறது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொண்டால், தலா 10 வாட்டில் பன்னிரண்டு எல்இடி விளக்குகள் பத்து மணி நேரம் எரிய 1.2 யூனிட், ஆறு மின்விசிறிகள் பாதி நாள் சுழல 4.3, தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காக்கும் ஐஎல்ஆர் என்ற குளிர்பெட்டிக்கு 1.5, பிறந்த குழந்தைக்கு வெப்பமூட்டும் வார்மர் மூன்று மணி நேரத்துக்கு 1.8, ஆக்ஸிஜன் செறிவூட்டி பாதி நாளுக்கு 4.2, தண்ணீர் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு 1, ஆகக் கூட்டினால் நாளுக்கு 14 யூனிட். ஒன்றரை டன் ஏசி ஒன்றே பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய இத்தனையையும் விழுங்கிவிடும். இப்பட்டியலிலும் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. ஐஎல்ஆரின் சுவரில் பனிக்கட்டி உறை இருப்பதால், மூடியைத் திறக்காமல் வைத்திருந்தால், மின்சாரமின்றி ஏறத்தாழ ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். ஆக்ஸிஜன் செறிவூட்டி நின்றாலோ மாற்று உருளையைத் தேடச் சில நிமிடங்களே உண்டு. தடுப்பூசிப் பெட்டியே முதலில் காக்கப்பட வேண்டியது என்ற பொதுவான எண்ணம், ஆகவே, முதல் இரவைப் பொறுத்தவரை தவறு.

புயல் நாளில் வெயில் ஏது என்று கேட்பவர் சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறார். தெளிந்த நாளில் 20 யூனிட் தரும் 5 கிலோவாட் கூரை, கனத்த மேகத்தின் கீழே ஐந்து யூனிட் தந்தாலே பெரிது. இரண்டு நாள் தேவையான 28 யூனிட்டில் கூரையிலிருந்து 10 கிடைத்தால் மீதி 18ஐப் பேட்டரி ஏந்த வேண்டும். சற்று மிகையாக, பயன்படுத்தத்தக்க 20 யூனிட் சேமிப்பு வைப்பது அறிவுடைமை. மூன்றாம் நாள் வானம் வெளுக்கும். மின்கம்பங்கள் அதற்குள் எழுவதில்லை. தகடுகள் காற்றில் பறந்துவிடும் என்ற அச்சத்துக்கு விடை எளிது: பறப்பவை பெரும்பாலும் தகட்டைச் சட்டத்தோடு இறுக்கும் மலிவான கிளிப்புகள் விட்டுக்கொடுத்ததால் பறப்பவை. கடலோரக் கட்டடங்களுக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், காற்றைக் கணக்கில் கொள்ளும் இந்தியத் தரக்குறிப்பு நெடுங்காலமாக நடைமுறையில் உண்டு. தேவைப்படுவது அதைப் படித்துப் போல்ட் முடுக்கும் மேற்பார்வை.

நுண்மின்தொகுப்பு வெளிநாட்டுப் புதுமை என்பதும் பாதிதான் சரி. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கி நீண்ட தூரக் கம்பிகள் பரவுவதற்கு முன்பு, தமிழகத்தின் மின்சாரம் ஊருக்கு ஊர் தனித்தனி வலையாகவே இருந்தது. அரவங்காடு வெடிமருந்து ஆலைக்குக் காட்டேரி அருவி தந்த மின்சாரம் அவ்வகையே. புதிதாக வந்தது, பெரிய தொகுப்போடு இணைந்திருந்தும் வேண்டும்போது பிரிந்துகொள்ளும் திறன். ஜப்பானின் செண்டாய் நகரில் தோஹோக்கு ஃபுகுஷி பல்கலைக்கழக வளாகத்தில் இத்தகைய அமைப்பு இருந்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் அதன் வாயு எந்திரங்களும் முதலில் நின்றுபோயின; சூரியத் தகடுகளும் பேட்டரியும் முக்கியமான சில இணைப்புகளை மட்டும் தாங்கின; மறுநாள் எந்திரங்கள் மீண்டும் இயக்கப்பட்ட பிறகே அமைப்பு முழு மூச்சு விட்டது, பொது மின்சாரம் திரும்பும்வரை அருகிலிருந்த மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் அதுவே துணை. ஆளில்லாமல் தானே இயங்கும் அற்புதம் என்ற நம்பிக்கையையும் இந்நிகழ்ச்சியே திருத்துகிறது. பிகாரின் தர்னை கிராமத்தில் 2014இல் பெரும் விளம்பரத்தோடு தொடங்கிய 100 கிலோவாட் சூரிய நுண்மின்தொகுப்பு, அரசின் மலிவான மின்சாரம் ஊருக்கு வந்த பிறகு கவனிப்பாரற்று, பேட்டரிகள் தேய்ந்து, சில ஆண்டுகளிலேயே பயனற்றுக் கிடந்தது. ஈய அமில பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டே ஆயுள். மாற்றும் செலவைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காத திட்டம் திறப்பு விழாவோடு முடிந்ததாகவே கொள்ளலாம்.

அக்டோபர் 2 அன்று, வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்கள் முன்பாக, தமிழகமெங்கும் கிராமசபை கூடுகிறது. தங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் மெயின் சுவிட்ச் கடைசியாக என்று சோதனைக்காக இறக்கப்பட்டது, அப்போது எவை எரிந்தன, எவை எரியவில்லை என்பதை அங்கே கேட்டுப் பதிவு செய்ய வாசகர்களுக்கு உரிமை உண்டு.