தடை தாண்டும் பயிற்சி: வணிகருக்கு ஒரு பாடம்



நமது திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், கையில் பொருளில்லாத நிலையிலும் மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை அமர்த்தி, கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கைக்கு வருமுன் காரியம் மனத்தில் முடிய வேண்டும். தடை ஓட்ட வீரர்கள் செய்வதும் இதுவே.

400 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைகள் பத்து. முதல் தடை 45 மீட்டரில். பிறகு 35 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடைக்குப் பின் 40 மீட்டர். இரு தடைகளுக்கிடையே எத்தனை அடி வைப்பது என்பது முன்கூட்டியே போட்ட கணக்கு. களைத்தால் அடி குறுகும், கணக்கு தவறும். எனவே எந்தக் காலை முன்நீட்டியும் தாண்டப் பழகுகிறார்கள். போட்டிக்கு முன் கண்களை மூடி, புறப்பாடு முதல் எல்லைக் கோடு வரை மனத்தில் ஓடிப் பார்க்கிறார்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா இறுதிப் போட்டியில் நின்றார். பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார். வேறொருவர் முந்திப் புறப்பட்டதால் ஓட்டத்தை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. உஷாவின் நேரம் 55.42 விநாடி, வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! அங்கே தகுந்த உணவின்றிக் கஞ்சியும் ஊறுகாயுமே உண்டதாகவும், கடைசி 35 மீட்டரில் அது தம்மைப் பாதித்ததாகவும் உஷா பின்னாளில் கூறினார். அவருடைய தேசிய சாதனையை 39 ஆண்டுகள் கழித்து, 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோவையைச் சேர்ந்த வித்யா ராமராஜ் அதே 55.42 விநாடியில் சமன் செய்தார். மறுநாள் வெண்கலமும் வென்றார்.

ஊருக்கெல்லாம் அரிசி, பருப்பு அளந்து போடும் நாம் எப்படி இருக்கிறோம்? வெறும் டீயோடு கடை திறந்து, பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறோம். மாலைக் கூட்டத்தில் சில்லறை தவறுகிறது; பற்று எழுத மறக்கிறோம்; பழகிய வாடிக்கையாளரிடமே எரிந்து விழுகிறோம். நம் ஓட்டத்திலும் நஷ்டம் கடைசி 40 மீட்டரில்தான்.

ஆகவே மூன்று பழக்கங்களை மேற்கொள்வோம். இரவில் படுக்குமுன் மறுநாள் கொள்முதல், பாக்கி வசூல், சரக்கு இறக்குதல் அனைத்தையும் மனத்தில் ஒருமுறை நடத்திப் பார்ப்போம். வேளைக்கு உண்போம், வேளைக்கு உறங்குவோம். நாள் முழுதும் உழைத்த களைப்பில், கல்லாக் கணக்கை நாளைக்கு என்று தள்ளாதிருப்போம்.

நூறில் ஒரு பங்கும் நமக்குக் கணக்குதானே!